கண்காட்சிக்கு வந்த மாரியாத்தாள்

இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியதில் விளாத்திகுளம் பக்கம் மிளகாய்க் காடுகள் காய்ந்து கிடந்தன. மாரியாத்தாளும் புருஷன் சங்கிலிப்பாண்டியும் ஊர்க்காரர்கள் சிலரோடு வத்திராயிருப்புக்கு நடவு வேலைக்கு வந்து, ஒரு தென்னந்தோப்பில் தார்ப்பாய் கட்டித் தங்கியிருந்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணங்களுக்கு போட்டோ எடுத்துக்கொண்டிருந்த மாதுரி, பிழைக்க வந்த இவர்களைப் படமெடுக்க நடவு முடியும்வரை ஸ்கூட்டியில் வந்து போனாள். முதலில் பெண்கள் கேமராவைக் கண்டால் திரும்பிக்கொண்டார்கள். போகப் போக அவளுக்கும் சேர்த்தே கஞ்சி காய்ச்சினார்கள்.

ராஜபாளையத்தில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தபோது, நுழைந்ததும் தெரிகிற இடத்தில் மாரியாத்தாளின் படத்தைப் பெரிதாக மாட்டினாள். கன்னத்தில் கை, எங்கோ தூரத்தில் பார்வை. கீழே ‘துயரம்’ என்று எழுதியிருந்தாள். அதன் முன்னால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. மாதுரி அழைத்திருந்தாள்தான், வருவார்கள் என்று நினைக்கவில்லை. தலை நிறையப் பூவும் பெட்டியில் எடுத்து வைத்திருந்த நல்ல சேலையுமாகப் பெண்கள் இறங்கினார்கள்; பின்னாலேயே சங்கிலிப்பாண்டியும். மாரியாத்தாள் நேராகத் தன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அங்கே ஒரு டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கீழ என்ன எழுதியிருக்கு?”

சங்கிலிப்பாண்டி வாசித்துச் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

“ஏ தாயி, அன்னைக்கு எனக்குக் கடவாப்பல்லு வலி. கிராம்பு வாங்கப் போன இவிய டீக்கடையில உக்காந்துட்டாவ. எப்ப வருவாவன்னு பாதையையே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“செத்த நேரந்தான் உக்காந்தேன்” என்றான் சங்கிலிப்பாண்டி.

“எம்புட்டு நேரம்னு என் மொகத்தப் பாத்தாலே தெரியுதே.”

டீச்சரம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. மாதுரிக்கு முகம் சிவந்துவிட்டது.

“தப்பா எழுதிட்டேன்க்கா.”

“கஷ்டம் இல்லாமலா வீட்டப் பூட்டிட்டு வந்தோம்? அது அந்தா தெரியுத படத்துல இருக்கு, வா.” மாரியாத்தாள் அவள் கையைப் பிடித்து அடுத்த சுவருக்கு இழுத்துப் போனாள். அந்தப் படத்தில் அவள் செல்போனைக் காதில் வைத்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். “ஆஸ்டல்ல இருக்க மககிட்டப் பேசுதேன். போனை வச்ச பொறவுதான் அழுதேன்.”

மாதுரி அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். பிறகு பெரிய படத்தின் கீழிருந்த அட்டையைக் கழற்றி, பின்பக்கத்தைத் திருப்பிப் பேனாவோடு சங்கிலிப்பாண்டியிடம் நீட்டினாள். ‘கிராம்புக்குக் காத்திருக்கும் மாரியாத்தாள்’ என்று அவன் பெரிய பெரிய எழுத்தில் எழுதினான். மற்றப் பெண்களும் தங்கள் படங்களைத் தேடிப்போய், என்ன எழுத வேண்டுமென்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் வந்தவர்களை மாரியாத்தாளே படம் படமாகக் கூட்டிக்கொண்டு போனாள். நேரமாகிவிட்டது என்று மண்டபத்துக்காரர் மின்விசிறியை நிறுத்த வந்தார்.

“இரும், இன்னும் ரெண்டு படம் கெடக்கு” என்றாள் அவள்.

அவரும் நின்று கேட்டார்.