மணிக்கட்டில் ஒரு விரல்

பத்தொன்பது வருடமாகப் பிரசவ வார்டில் நர்ஸாக இருப்பவளின் கூடப்பிறந்த தங்கச்சி, வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குக் கன்னத்தில் அறை வாங்கிய மாதிரி இருந்தது.

"என் வார்டு இருக்கும்போது உனக்கு என்னடி தலையெழுத்து?"

"ஒரு நாள் உனக்குச் சாப்பாடு கொண்டு வந்தேனே, அப்ப உள்ள ஒருத்தி அழுதுக்கிட்டு இருந்தா. நீ அவளைப் பார்த்துக் கத்துனதைக் கேட்டேன்கா. நீ நல்லவதான். ஆனா நீ இருக்கிற இடத்துல நான் பெத்துக்க மாட்டேன்."

குதி குதியென்று குதித்தேன். நடக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு சலுகை கிடைத்தது. பிரசவத்தன்று அக்காவாக வந்து உட்காரலாம், நர்ஸாக வாயைத் திறக்கக் கூடாது.

வந்த மருத்துவச்சிகள் இரண்டு பேர். ஒருத்தி துணிகளையும் வெந்நீரையும் பார்த்துக்கொண்டாள். இன்னொருத்திதான் பொறுப்பு. முறையாகப் படித்தவள், லைசென்ஸ் உண்டு, என்னைவிடப் பத்து வயது சின்னவள். வயிற்றில் ஒரு சின்ன மரக்குழலை வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்பாள். கேட்கும்போதெல்லாம் இன்னொரு கையால் என் தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அவளுக்கு மனசுக்குள் 'மணிக்கட்டு' என்று பெயர் வைத்துவிட்டேன். கையைப் பிடித்துக் கொஞ்சியே பிரசவம் பார்த்துவிடுவாள் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன்.

காலை பதினோரு மணி இருக்கும். படுக்கையறை ஜன்னல் வழியாக நல்ல வெயில். வலி நெருங்கி நெருங்கி வந்தது. மணிக்கட்டு குழலை வைத்தாள், கேட்டாள், எடுக்கவில்லை. ஒரு வலி போய் அடுத்த வலி வரும்வரை அப்படியே குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"குழந்தையோட துடிப்பு எண்பதுக்கு இறங்கிடுச்சு. வலி நின்னப்புறமும் ஏற மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

வாயைத் திறக்கக் கூடாது என்பதெல்லாம் பறந்துவிட்டது. என் பையில் கையடக்கமான துடிப்பு மெஷின் ஒன்று வைத்திருந்தேன். எடுத்து வயிற்றில் வைத்தேன். டக் டக் டக் என்று சத்தம் அறையை நிரப்பியது. திரையில் நூற்று இருபத்தெட்டு, வயிற்றுப் பிள்ளைக்கு இருக்கவேண்டிய துடிப்புதான்.

"பாரும்மா! தங்கமாட்டம் இருக்கு. இந்தக் குழல்ல என்னத்தைக் கேட்ட?"

"சிஸ்டர், அது குழந்தையோடது இல்ல, உங்க தங்கச்சியோடது. இந்த வலியில தாயோட நாடியும் அவ்வளவுக்கு ஏறும். உங்க விரலை ஒரு நிமிஷம் இங்க வைச்சுப் பாருங்க." தங்கச்சியின் கையை என் பக்கம் நீட்டினாள்.

எனக்கா பாடம்? நான் வைக்கவில்லை. ஆனால் என் தங்கச்சி அதற்குள் எழுந்துகொள்ள ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு அக்காவை விட மணிக்கட்டுதான் வேதவாக்கு. எலக்ட்ரீஷியனான அவள் வீட்டுக்காரர் காரைக் கிளப்பினார். பத்து நிமிட வழி. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், சொல்ல வெட்கமாக இருக்கிறது. வரவே மாட்டேன் என்றவள் கடைசியில் என் வார்டுக்கே வருகிறாள் பார் என்று நினைத்தேன்.

"அக்கா, கையை விட்டுடாத" என்றாள். விடவில்லை.

வார்டு வாசலில் மணிக்கட்டை நிறுத்திவிட்டார்கள். 'வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது' என்று கதவில் ஒட்டியிருந்தது. நான் எழுதி ஒட்டிய காகிதம்தான். அவள் கதவுக்கு வெளியே நின்றபடி, "துடிப்பு குறைஞ்சு இருபது நிமிஷம் ஆச்சுன்னு சொல்லுங்க சிஸ்டர்" என்று கத்தினாள். நான் சொன்னேன். நம்பாமல்தான் சொன்னேன்.

டூட்டி டாக்டர் வந்தார். வயிற்றில் பெல்ட்டைக் கட்டினார்கள். எங்கள் பெரிய மெஷின் ஓட ஆரம்பித்தது. காகிதத்தில் அழகான கோடு. நூற்று முப்பது, நூற்று முப்பத்திரண்டு.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் டாக்டர். "வீட்ல யாரோ பயமுறுத்தி அனுப்பிட்டாங்க. இங்கயே கொஞ்ச நேரம் பார்ப்போம்." கையைக் கழுவப் போனார்.

நான் தலையாட்டினேன். தங்கச்சியின் கை இன்னும் என் கையில்தான் இருந்தது. அவள் இறுக்கிப் பிடித்ததில் என் விரல் நகர்ந்து அவள் மணிக்கட்டின் உள்பக்கம் பட்டிருந்தது. விரலுக்கடியில் நாடி ஓடியது. எதிரே மெஷினில் இருதயப் படம் ஒன்று மினுக் மினுக்கென்று எரிந்து அணைந்தது.

இரண்டும் ஒன்றாக இருந்தன.

தற்செயலாக இருக்கும் என்று துடிப்புகளை எண்ணிப் பார்த்தேன். பத்து, இருபது, முப்பது. ஒரு துடிப்புகூட முன்னே பின்னே போகவில்லை. வலி வந்தபோது விரலுக்கடியில் வேகம் கூடியது, திரையிலும் கூடியது. அந்த மெஷின் சொல்லிக்கொண்டிருந்தது என் தங்கச்சியைப் பற்றி. குழந்தையைப் பற்றி அந்த அறையில் யாருக்கும் எதுவும் தெரியாது.

"டாக்டர்! இது தாயோட துடிப்பு! குழந்தையோடது இல்ல! ஸ்கேன் வைங்க, இப்பவே வைங்க!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. டாக்டர் ஈரக்கையோடு ஓடி வந்து ஸ்கேனை வைத்தார். திரையில் அந்தச் சின்ன இருதயம் நின்று நின்று, யோசித்து யோசித்துத் துடித்தது. நிமிடத்துக்கு அறுபதுகூட இல்லை. கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினோம். ஏழாவது நிமிடத்தில் குழந்தையை எடுத்தார்கள். கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று. நீலமாக, துவண்டு கிடந்தது. மூச்சுக் கொடுத்தார்கள், தேய்த்தார்கள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். ஒரு கீச்சுக்குரல் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெண் குழந்தை.

உட்கார்ந்த இடத்தில்தான் அது எனக்கு உறைத்தது.

நாலாம் நம்பர் கட்டில். போன வருடம். ஒரு தையற்காரி, தலைப்பிரசவம். "சிஸ்டர், அசைவே தெரியல, என்னமோ மாதிரி இருக்கு" என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மெஷினில் நூற்று முப்பது. ஒன்பது மணி நேரமும் அதே நூற்று முப்பது. "மெஷின் பொய் சொல்லுமா? சும்மா அழாம படு" என்று கத்தினேன். என் தங்கச்சி சாப்பாட்டு டப்பாவோடு வெளியே நின்று கேட்டது அதைத்தான். அந்தக் குழந்தை உயிரில்லாமல் வந்தது. எப்படி என்று யாருக்கும் புரியவில்லை. ஒன்பது மணி நேரத்தில் ஒரு தடவைகூட நான் அவள் மணிக்கட்டைத் தொடவில்லை.

வெளியே பெஞ்சில் மணிக்கட்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை பிழைத்ததைச் சொன்னேன். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

"எங்கிட்ட மெஷின் இல்ல, அதனால தொட்டுப் பார்க்கிற பழக்கம். ஆனா வீட்ல வயித்தை அறுக்க முடியாதே சிஸ்டர். உங்க தியேட்டர் இல்லாட்டி குழந்தை ஏது?"

அவளிடம் நாலாம் நம்பர் கட்டிலைப் பற்றிச் சொன்னேன். ஏன் அவளிடம் என்று தெரியாது. கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?" என்றாள்.

என்ன சொன்னேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறுநாள் டாக்டரிடமும் பெரிய டாக்டரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நாலாம் நம்பர் கட்டிலின் பழைய மெஷின் காகிதங்களை எடுக்க வைத்தேன். நாலாவது நாள் அந்தத் தையற்காரியின் கடைக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒற்றை அறை, கதவோரம் தையல் மெஷின், சுவர் முழுக்க அரைகுறையாகத் தைத்த சட்டைகள். என் யூனிஃபார்மை இப்போதும் அவள்தான் அளவு பிடித்துத் தைத்துத் தருகிறாள். என் மேல் அத்தனை மரியாதை.

"வாங்க சிஸ்டர்" என்று சிரித்தாள். "பாப்பா பிறந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். நல்லா இருக்கா?"

"இருக்கா."

"எம்பிள்ளைக்குத்தான் கொடுத்து வைக்கல." கால் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தது. "ஆனா நீங்க அன்னைக்குச் சொன்னீங்க பாருங்க, 'கடைசி நிமிஷம் வரைக்கும் நல்லா துடிச்சுதும்மா, யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது'ன்னு. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் இன்னும் நடமாடுறேன்."

திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. அவளிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான், அதையும் நான் பிடுங்கப் போகிறேன். சொல்லாமல் போனால் இன்னொரு ஒன்பது மணி நேரம் அவளை ஏமாற்றிய மாதிரி. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் காலை எடுத்துட்டு என்னைப் பாரும்மா" என்றேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அசைவே இல்லைன்னு நீ சொன்னியே, அதுதான் சரி."

அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.