வாய் பேசாத கடைக்காரர்

செல்போன் ரிப்பேர் கடைக்காரருக்குத் திக்குவாய். அதிலும் ‘க’வில் தொடங்கும் சொல்லும் ‘ம’வில் தொடங்கும் சொல்லும் வாசலோடு நின்றுவிடும், எவ்வளவு தள்ளினாலும் வெளியே வராது. பழைய கடையில் வாடிக்கையாளர்களோடு பேசியதெல்லாம் அவர் மனைவிதான். புதிய தெருவுக்குக் கடையை மாற்றிய நேரத்தில் மனைவிக்குத் துணிக்கடையில் வேலை கிடைத்துவிட, மனிதர் தனியாக மாட்டிக்கொண்டார்.

கடை திறந்த அன்று முதலில் வந்தவர் பக்கத்துத் தெரு டீச்சர். சார்ஜ் ஏறாத போனை நீட்டி, “எப்ப கிடைக்கும்?” என்றார். ‘மத்தியானம்’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது, கண் மூடிக்கொண்டது.

“அடடா, பேச வராதாண்ணா? பரவாயில்ல, எழுதிக் காட்டுங்க.”

அவர் தலையாட்டினார். இறுக்கிப் பிடித்த செருப்பைக் கழற்றி வீசியதுபோல் அப்படி ஒரு சுகம்.

இன்று ஒரு நாள்தானே என்றுதான் நினைத்தார். டீச்சர் விடவில்லை. தம் குடியிருப்பில் வீடு வீடாகச் சொல்லி ஆட்களை அனுப்பினார். “பாவம், வாய் பேச முடியாதவரு. ஆனா கை சுத்தம், வேலையும் சுத்தம்.” கூட்டம் சேர்ந்தது. யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பத்தாததற்கு, டீச்சர் வீடியோ பார்த்து சைகை மொழி வேறு கற்றுக்கொண்டு வந்தார். வணக்கம், நன்றி, சாப்பிட்டீர்களா என்று விரலால் கேட்பார். கடைக்காரருக்கு அதில் ஒரு சைகையும் தெரியாது. அசடு வழியச் சிரித்துத் தலையாட்டி வைப்பார். டீச்சர் போன பிறகு வெகுநேரம் அவருக்கு வேலை ஓடாது.

இதற்கிடையே, மனைவி நச்சரித்து அவரைப் பேச்சுப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டிருந்தாள். அவருக்கும் உள்ளூர ஒரு ஆசை உண்டு. அடுத்தவர் தயவில்லாமல் கடையைத் தானே பேசி நடத்த வேண்டும். பயிற்சி கொடுத்த பெண் சின்ன வயது, ஆனால் கறார்.

“திக்காம பேசணும்னு பாக்காதீங்க. தினமும் தெரியாத ஒருத்தர்கிட்ட போய், நல்லா திக்கித் திக்கிப் பேசிட்டு வாங்க.”

“அ-அசிங்கமா இருக்கும்மா.”

“இருக்கும். அதோடதான் பேசணும். அது போனதுக்கப்புறம் பேசலாம்னா, நீங்க பேசவே போறதில்ல.”

கடையில் ஊமை வேஷம் கட்டியிருப்பதை அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதற்குத் திக்குவாய் காரணமில்லை.

தெருக்காரர்கள் கண்ணில் படாமலிருக்க, ஊரின் மறுகோடியில் இருந்த பஸ் நிறுத்தத்தைப் பிடித்தார். அங்கே நின்ற ஒரு பெரியவரிடம், “இ-இந்த பஸ் ம-ம-ம-மார்க்கெட் போ-போகுமா?” என்று கேட்டார். பெரியவர், “போகும் போகும்” என்று அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்டுவிட்டோம் என்ற தெம்போடு திரும்பினால், வரிசையில் பின்னால் டீச்சர்.

டீச்சரின் வலது கை வணக்கம் சொல்லப் பாதி உயர்ந்து, அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையைப் பைக்குள் விட்டு எதையோ தேடுவதுபோல் துழாவினார்.

“பேசுவீங்களா?” என்றார், மெதுவாக.

கடைக்காரர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து நிஜமாகவே ஊமையானார்.

“நான் கையை ஆட்டினப்பல்லாம் உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பீங்க, இல்ல?” பஸ் வந்தது. டீச்சர் ஏறினார். கடைக்காரர் ஏறவில்லை.

மறுநாள் கடை திறக்கவில்லை. தலைவலி என்று போர்த்திக்கொண்டு படுத்தவர், மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மனைவி திட்டவில்லை. “கடையை வேற தெருவுக்கு மாத்திடலாமாங்க?” என்றாள். அந்தக் கேள்விதான் சுருக்கென்று தைத்தது. எத்தனை தெரு மாற்றுவது?

சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த டீச்சர் உள்ளே கூப்பிடவில்லை. மாடிப்படியில் ஏறி இறங்கியவர்களில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள், அங்கங்கே நின்றுவிட்டார்கள். காது சுட்டது. ஓடிவிடலாம் என்று கால் துடித்தது.

“ம-ம-ம-ம...”

“மன்னிப்பு கேக்க வந்தீங்களா?” என்று டீச்சர் முடித்து வைத்தார்.

கடைக்காரர் கையை உயர்த்தித் தடுத்தார். “நா-நானே சொ-சொல்றேன்.”

சொன்னார். முகம் கோணியது, எச்சில் தெறித்தது. மேல்படியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திக்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்றுதான் ஊமையாக நடித்தேன், நீங்கள் காட்டிய அன்பை உட்கார்ந்து தின்றேன், ஒரு தடவைகூட உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கி வைத்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

டீச்சர் முழுதாகக் கேட்டார். “பேச முடியாதவர்னு நெனச்சப்ப உங்கமேல எனக்கு ரொம்ப மரியாதை இருந்துச்சு. இப்ப என்ன இருக்குன்னு எனக்கே தெரியல. போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அதற்கடுத்த நாள் கடை திறந்தது. வந்த ஒவ்வொருவரிடமும் அவர் தம் வாயாலேயே விஷயத்தைச் சொன்னார். சிலர், “அதனால என்னண்ணே” என்றார்கள். ஒருவர் கொடுத்திருந்த போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் வாசலிலேயே அவரைப்போல் பேசிக்காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் உடம்பு கூசியது. பழகிவிடும் என்று பார்த்தால் பழகவில்லை. கூச்சத்தோடேயே அடுத்தவரிடம், “போ-போனுக்கு எ-என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

டீச்சர் தெருவின் எதிர்ப்பக்கமாகவே போய் வந்துகொண்டிருந்தார். மழைக்காலம் தொடங்கியபோது ஒரு நாள் நனைந்த போனோடு கடைக்குள் வந்து, மேஜைமேல் வைத்தார். முகத்தில் சிரிப்பில்லை.

“தண்ணில விழுந்துருச்சு. எப்ப கிடைக்கும்?”

கடைக்காரருக்குக் கழுத்துவரை சூடேறியது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு, சொல்லத் தொடங்கினார். டீச்சர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றார்.