மெர்வ் கையிலிருந்த மைக்

ஆஸ்திரேலியாவில் கில்காண்ட்ரா ஊர் தாண்டியதும், காரின் பின்னால் இழுத்து வரும் கேரவன் வீடு ஆடிவிடாமல், க்ளெனிஸ் நிதானமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் அவள் கணவன் மெர்வ். கோதுமைக் கிடங்கு பின்னால் போனபோதே அவன் மூச்சு நின்றுவிட்டது. அவளுக்குத் தெரியும். வண்டியை நிறுத்தவில்லை.

மெர்வுக்குப் புற்று என்றதும் மகள் ஆஸ்பத்திரியில் கட்டில் பிடித்து வைத்தாள். இவன் கேரவனை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"ரெண்டு ஊருக்கு நடுவுல போயிட்டேன்னா, ரோட்டோரத்துல என்னைப் போட்டு வச்சு ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காத. அடுத்த ஊர் வரைக்கும் நீயே கூட்டிட்டுப் போ" என்று அன்றே சொல்லியிருந்தான்.

"சரி, வாயை மூடிட்டு டீயைக் குடி" என்றிருந்தாள். அதுதான் அவள் கொடுத்த வாக்கு.

கேரவன்காரர்கள் இரவு தங்கும் பார்க்குகளில் இந்த ஜோடியைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. அவள் ஓட்டுவாள், அவன் பேசுவான். ஸ்டீயரிங்கைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டான், வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவின் மைக்கை விடவில்லை, என்னவோ மாமனார் போட்ட மோதிரம் மாதிரி. இப்போதும் அது அவன் பிடியில்தான் இருந்தது. தொப்பி மூக்குவரை இறங்கியிருந்தது.

முன்னால் தார்ச்சாலை ஏரியாகிக் கிடந்தது. கிட்டே போகப் போக ஏரி தள்ளித் தள்ளிப் போனது. மரங்கள் வேரில்லாமல் வானத்தில் மிதந்தன.

ரேடியோ கரகரத்தது.

"ஏய் பெருசு! நான் டோனோ, உன் வாலைப் பிடிச்சுட்டு வர்றேன். தாண்டணும், முன்னாடி ரோடு காலியா?"

காலையில் பெட்ரோல் பங்கில் மெர்வோடு வம்பளந்த லாரிக்காரன். பக்கக் கண்ணாடி முழுக்க அவன் லாரிதான் தெரிந்தது.

"என்ன பெருசு, அவ்ளோ வாயடிச்ச, தூங்கிட்டியா? உடம்பு கிடம்பு சரியில்லையா? வண்டிய ஓரங்கட்டு, வந்து பாக்கறேன்."

க்ளெனிஸ் ஒரு கையால் மெர்வின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"தூங்கறாரு. நான் க்ளெனிஸ்."

"அட, அம்மணிக்கும் வாய் இருக்கா! நீ ரேடியோல பேசவே மாட்டேன்னு பெருசு சொல்லுச்சே?"

"பேச விட்டாத்தானே."

ரேடியோ குலுங்கிச் சிரித்தது.

"ரோடு காலி. வா" என்றாள்.

லாரி நீளமாக, முடிவில்லாமல் கடந்தது. அதன் காற்றில் கார் அசைந்தது. மெர்வின் தலை மெல்ல அவள் பக்கம் சாய்ந்தது. லாரியின் வால் தாண்டியதும், இனி உள்ளே வரலாம் என்று, மெர்வ் சொல்லிக்கொடுத்தபடியே முகப்பு விளக்கை ஒருமுறை மின்னவிட்டாள். லாரி அவளுக்கு முன்னால் உள்ளே வந்தது. நன்றி சொல்லி அதன் பின்விளக்குகள் இடமும் வலமும் சிமிட்டின.

"பெருசு எந்திரிச்சா சொல்லு அம்மணி, கூனபரபரன்ல பீர் என் கணக்கு."

"சொல்றேன்."

லாரி ஏரிக்குள் இறங்கி மறைந்தது. அவள் மைக்கை மறுபடி மெர்வின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

அடுத்த ஊரான கூனபரபரன் நெருங்குவதாகப் பலகை வந்தது. ரோடு காலியாகத்தான் கிடந்தது; க்ளெனிஸ் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள்.