வண்டிக்குப் பின்னால் வரும் காற்று

என் குட்டியானை வண்டியின் வேகமுள் நாற்பதைக் காட்டும்போதும் என் மகள் வெண்மதி சைக்கிளில் பின்னால் ஒட்டிக்கொண்டே வருவாள். மல்லாட்டைக் கடலை மூட்டையோடு செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகும் நாளெல்லாம் இப்படித்தான். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். நாற்பது என்றால் சும்மாவா? டீக்கடையில் நான் பீற்றிக்கொள்ளாத ஆள் இல்லை.

விழுப்புரத்தில் மாவட்ட சைக்கிள் அணிக்கு ஆள் எடுத்தார்கள். ஒவ்வொருவராகத் தனியே ஓட்டவிட்டார்கள். வெண்மதி கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டயரை அழுத்திப் பார்த்தேன், செயினைச் சுற்றிப் பார்த்தேன். காலையில் தின்ற இட்லி மேல்கூடச் சந்தேகம் வந்தது.

"எனக்கே தெரியல நைனா. காலு என்துதான், வேகத்தக் காணோம்" என்றாள் அவள்.

அவளுடைய பி.டி. டீச்சர் கவிதாவிடம் சண்டைக்கே போய்விட்டேன். "தெனம் நாப்பதுல வர்ற பொண்ணுங்க. கடிகாரத்துலதான் ஏதோ தப்பு."

"எங்க ஓட்டுவா?"

"என் வண்டி பின்னாலதான்."

டீச்சர் சிரிக்கவில்லை. "அதுக்குப் பேரு ஸ்லிப்ஸ்ட்ரீம். வண்டி காத்தக் கிழிச்சிட்டுப் போவுதில்ல, பின்னாடியே கொஞ்சம் காத்தயும் அதோட இழுத்துக்கினு வரும். அதுக்குள்ள ஓட்டுனா எதிர்காத்தே தெரியாது. பாதி வேல உங்க வண்டி செஞ்சிருக்குது."

டீசல் போட்டது வண்டிக்கு. அது எப்படி இவள் காலுக்குப் போகும்? திரும்பி வரும்போது முன்னால் போன பஸ்ஸின் பின்னாலேயே சருகும் காகிதமும் ஓடின. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அன்றைக்குத்தான் டீச்சர் சொன்னது அதில் தெரிந்தது. அப்படியானால் அந்த நாற்பது யாருடையது? கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

டீச்சர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த வெண்மதி வீட்டு வாசலில் சொன்னாள்: "அடுத்த வருசமும் எடுப்பாங்களாம். நாளையிலருந்து நீ என் பின்னால வா."

"பின்னால வந்து நான் இன்னா பண்றது?"

"தெரியல. சும்மா வா நைனா."

மறுநாள் பின்னால் போனேன். முள் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தால் அவள் முகம் இல்லை. எதிரே முதுகுதான், சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. முன்னால் போய்விடலாமா என்று கால் பரபரத்தது. பாவமாக இருந்தது.

எனக்குப் பின்னால் வந்த பஸ்காரன் ஹார்ன் அடித்தான். அவன் முந்திப் போனால் அவளுக்குக் கொஞ்ச தூரமாவது அந்தக் காற்று கிடைக்கும். விடலாமா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டே ஓட்டினேன். அவன் திட்டத் தொடங்கினான். இந்த இருபத்தைந்தாவது அவளுடையதாகவே இருக்கட்டும் என்று நான் வழி விடவில்லை.