ஷெல்லடிக்கு முந்தியே

சாவடிக் கயிற்றுக்குக் கீழே குனிந்து மகள் வினோதினி ஓடியபோது குணேஸ்வரி பைக்குள் அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கிய சனம் சோதனைச் சாவடியில் வரிசையாக நின்றது. அப்பால் முள்கம்பியில் ஓர் ஆட்டுக்குட்டி தலையை மாட்டிக்கொண்டு கதறியது. எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. காவலுக்கு நின்ற ஆமிக்காரன் துவக்கை நீட்டிச் சிங்களத்தில் கத்தினான். குணேஸ்வரி இரண்டு கையையும் உயர்த்தியபடி மகளுக்குப் பின்னால் ஓடினாள். சின்னப் பிள்ளை என்று கண்டதும் அவன் துவக்கைத் தாழ்த்தினான்.

"ஷெல்லடியில பயந்த பிள்ளை. போகப்போகச் சரிவரும்," என்றான், வீட்டில் கதையைக் கேட்ட புருஷன் தவராசா.

எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். வெருகல் பக்கமிருந்து விழுகிற ஷெல் குண்டுகளுக்குள்ளால் தப்பி வந்து, திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் வாடகைக்கு இருக்கிற குடும்பம் அது. வகுப்பில் வினோதினி கதிரையில் இருக்கமாட்டாள், கேள்வி முடியுமுன் பதில் சொல்லுவாள், நாளுக்கொரு பென்சிலைத் தொலைப்பாள். எல்லாம் சண்டை செய்த வேலை என்றே வகுப்பு ரீச்சர் யோகமலரும் நினைத்திருந்தா. ஆனால் சாவடிக் கதையைக் கேட்டதும், "இனியும் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது," என்று சொல்லி தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் சிறுவர் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனா.

கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை வரும் டொக்டர் பாக்கியரத்தினம் முதலில் காதையும் கண்ணையும் சோதிக்க அனுப்பினார். இரண்டிலும் குறையில்லை. அடுத்த மாதம் ரீச்சரிடம் வகுப்பு நடப்பை ஆறுதலாகக் கேட்டுவிட்டுத் தாயின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை நித்திரையில கத்துறவவோ? சத்தத்துக்கு ஒளிக்கிறவவோ?"

"இல்லை டொக்டர். ஹெலிகொப்டர் வந்தால் வெளியில ஓடிப்போய்ப் பார்ப்பாள்."

"இந்தத் துடியாட்டம் எப்ப தொடங்கினது?"

'ஷெல்லடிக்குப் பிறகு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் மூன்று வயதில் பூசை நடுவில் ஐயரின் மணியைப் பறித்தது யார்? நாலு வயதில் கிணற்றுக்கட்டில் ஏறி நின்றது? அப்போது ஊரில் ஒரு ஷெல்லும் விழுந்திருக்கவில்லை.

"முந்தியே இப்பிடித்தான் டொக்டர்." குணேஸ்வரி கிட்ட நகர்ந்து கேட்டாள். "அப்ப என்ர வளர்ப்புத்தான் பிழையோ?"

"வளர்ப்புப் பிழையில்லை அம்மா. பயத்தாலயும் பிள்ளையள் இப்பிடி ஆகலாம். அதுதான் முந்தின கதையைக் கேட்டனான். பயமில்லாமலும் இப்பிடி வாற ஒரு நிலை இருக்கு, அதுக்கு இரத்தச் சோதனை ஒண்டும் இல்லை. சின்ன வயசிலேயே தொடங்கியிருக்க வேணும். வீட்டிலயும் இருக்க வேணும், பள்ளிக்கூடத்திலயும் இருக்க வேணும். மாதக்கணக்கா நீடிச்சு, பிள்ளையின்ர படிப்பையும் பழக்கத்தையும் குழப்ப வேணும். இவவுக்கு எல்லாம் பொருந்துது. கவனக்குறைவும் அதிதுடிப்பும் சேர்ந்த நிலை."

"எங்கட பிள்ளைக்கு மட்டும் ஏன்?"

"ஆர் சொன்னது மட்டுமெண்டு? நாப்பது பிள்ளையள் இருக்கிற வகுப்பில ஒண்டு ரெண்டு பேருக்கு இருக்கும். சண்டை இல்லாத நாட்டிலயும் அப்பிடித்தான்."

"என்ர வகுப்பில வேற ஒருத்தரும் இப்பிடி ஓடித் திரியிறேல்லையே," என்றா ரீச்சர்.

"ஓடாமலும் இருக்கலாம். சும்மா யன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கும். பெண்பிள்ளையளில அதுதான் கூடுதல். கரைச்சல் தராததால ஒருத்தரும் இஞ்ச கொண்டுவாறேல்லை."

ரீச்சர் தன் வகுப்பின் கடைசி வரிசையை நினைத்துப் பார்த்தா.

மருந்து உண்டு, ஆனால் திருகோணமலைக்கு ஒழுங்காக வராது என்றார் டொக்டர். அதுவரை வினோதினியை முன்வரிசையில் இருத்தவும், வேலையைச் சிறுசிறு துண்டாகக் கொடுக்கவும், இடையிடையே எழும்பி நடக்க விடவும் சொன்னார். குணேஸ்வரி வீட்டிலும் அப்படியே செய்து பார்த்தாள். சில நாள் சரிவந்தது, சில நாள் வரவில்லை. 'பயந்த பிள்ளை' என்று சொல்வதைத் தவராசா மெல்ல மெல்ல விட்டான்.

அடுத்த கிளினிக்கில் யோகமலர் ரீச்சர் முன்னமே வந்து மர வாங்கில் இருந்தா. பக்கத்தில், தன் தாயோடு ஒட்டிக்கொண்டு, ரீச்சரின் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்துகொண்டு வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை.