அன்னப்பூரணி முன்வாசலால் வந்த காலை

1

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையை நான் அன்னப்பூரணிக்காகத் தொடங்கவில்லை. கறுப்பின மக்களின் சமவுரிமைக்காகப் பேசிய ஓர் அமெரிக்கத் தலைவரைப் பற்றிக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்காம் பக்கத்தில், அவருடைய பேச்சு தொழிலாளர்களைத் தட்டியெழுப்பியது என்று எழுதிவிட்டு, ‘யாரை?’ என்று என்னையே கேட்டேன். பதிலுக்கு மட்டக்களப்புப் பக்கம் மாங்கேணியில் ஓர் இறால் தொழிற்சாலையைக் கட்டினேன். (கற்பனைதான், தேடிப் போகாதீர்கள்.)

2

அங்கே இறால் உரிக்கும் நாட்கூலிப் பெண்கள் பின்வாசலால்தான் வர வேண்டும். முன்வாசலும் குளிர்ந்த தண்ணீரும் நிரந்தர ஊழியருக்கு. இவர்களுக்கு வெயிலில் கிடக்கும் பீப்பாய். பதினொரு வருடமாக அன்னப்பூரணி அப்படித்தான் வந்து போனாள்.

தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்யும் எத்தல் மட்டக்களப்பு டவுன்காரி. ஒரு மதியம் மரநிழலில் சாப்பிட்டபடி கைபேசியில் அந்தத் தலைவரின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்னப்பூரணி கிட்டே வந்தாள்.

“ஆரு மிஸ் இது? சண்டை பிடிக்கிறாரா, செபம் பண்ணுறாரா?”

“ரெண்டும்தான் அக்கா. பின்னுக்குப் போ எண்டா ஏன் போகோணும் எண்டு கேக்கிறார்.”

அன்னப்பூரணி சோறு பிசைந்த கையோடு நின்றாள். “இன்னொருக்காப் போடுங்க.”

அதன்பிறகு ஒவ்வொரு மதியமும் எத்தல் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னாள். கேட்க வந்தவர்கள் பத்துப் பேரானார்கள்.

3

அன்னப்பூரணி மதிலில் ஏறி நின்று, ‘தோழர்களே, காலங்காலமாக நாம்—’

இல்லை. அவள் அப்படிப் பேசமாட்டாள். நடந்தது இதுதான்: திங்கட்கிழமை காலை முன்வாசலுக்கு வந்தாள். பின்னால் அந்தப் பத்துப் பெண்கள். மேற்பார்வையாளர் நல்லரத்தினம் மறித்தார்.

“என்னகா அன்னம், வழி மறந்து போச்சா?”

“இல்ல சேர். இப்பதான் நினைவு வந்திருக்கு.”

 

“வேலை போயிரும்.”

“அப்ப லொறியில நிக்கிற றால ஆரு உரிக்கிற?”

(எத்தலை நான் நம்பவில்லை. நிரந்தர ஊழியர், அலுவலகச் சன்னலோடு நின்றுவிடுவாள் என்றுதான் எழுதி வைத்திருந்தேன். அவள் படியிறங்கி வந்து அன்னப்பூரணியின் பக்கத்தில் நின்றாள்.)

4

ஒன்பது மணிக்கு முகாமையாளர் சொல்லியனுப்பினார்: குளிர்ந்த தண்ணீர் இனி எல்லோருக்கும். வாசலைப் பற்றிப் பிறகு பேசலாம்.

“தண்ணியப் பிறகு குடிக்கிறம்,” என்றாள் அன்னப்பூரணி. “வாசலத் திறங்க.”

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பொலிஸ் வந்தது. இன்னொன்றில் நல்லரத்தினம் அழுதார்; அது எனக்கே பொய்யாய்ப் பட்டது. மூன்றாவதில் அவருடைய கை தாழ்ப்பாளை நோக்கிப் போனது. அங்கே பேனாவை வைத்துவிட்டேன்.

மிச்சம் உங்களுடையது. எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். அவர்களைப் பின்வாசலால் மட்டும் அனுப்பப் பார்க்காதீர்கள். நான் முயன்று பார்த்தேன். போகமாட்டோம் என்கிறார்கள்.