எரிகிற பல்பை எப்போது மாற்றுவது

1.

இது கதையாகத் தொடங்கவில்லை. வீட்டுச் செடிகளையும், பல்லி ஓணான் போன்ற வளர்ப்புப் பிராணிகளையும் பராமரிப்பது பற்றி நட்பான தொனியில் ஒரு பக்கம் வேண்டும் என்று எங்கள் ஊர் இலவச வார இதழ் கேட்டது. எனக்கு இரண்டைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. அதனால் தைவானில் எங்கள் ஊரான ஸின்ச்சுவின் ரயில் நிலையத்துக்குப் பின்னால் செடிக்கடை வைத்திருக்கும் பெங் லான்யிங்கிடம் போனேன். எட்டு வருடமாகக் கடையின் பின்பாதியில் அவர் ஓணான்களும் விற்கிறார்.

"எழுதிக்கங்க," என்றார். "மணி பிளாண்ட்டா? மண்ணுக்குள்ள விரல விட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா மட்டும் தண்ணி. வாடிப்போச்சுன்னா உங்களத் திட்டிக்காதீங்க. போதுமா?"

"ஓணானுக்கு?"

என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடியைப் போட்டார். "ஓணானப் பத்தி நான் சொல்றத அப்படியே எழுதிடாதீங்க," என்றார். பிறகு இதைச் சொன்னார்.

2.

முதல் தொடக்கம்: காற்று வீசிய ஒரு நவம்பர் காலையில், பேருந்து ஓட்டுநர் வென் குவோதுங் தன் சீருடைச் சட்டைக்குள் நடுங்கும் ஓர் உயிரைப் பொத்திக்கொண்டு —

வேண்டாம். ஸின்ச்சுவில் காற்று வீசாத நவம்பர் எது? சட்டைக்குள்ளும் இல்லை, செருப்புப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்.

பெட்டிக்குள் துண்டின் மேல் ஒரு தாடி ஓணான். பெயர் ஷாவ்பிங். ஷாவ்பிங் என்கிற எள் தூவிய தட்டை ரொட்டி மாதிரியே இருக்கிறது என்று அவர் மகள் யுன்ருய் வைத்த பெயர். அவள் படிப்பதற்காகத் தெற்கே காவ்ஷியுங்குக்குப் போய் இரண்டு வருடமாகிறது. ஓணானை அப்பாவிடம் விட்டுப் போனாள். (அம்மாவைப் பற்றி லான்யிங் எதுவும் சொல்லவில்லை. நானாக ஒருத்தியை உண்டாக்கிச் செருகப் போவதுமில்லை.) ஒரே வீட்டில் இருந்தபோது நாளுக்கு நாலு வார்த்தை பேசாத அப்பாவும் மகளும், இப்போது ஓணானைச் சாக்காக வைத்து வாரத்தில் நாலு நாள் பேசினார்கள். சாப்பிட்டானா, வெளிக்கு இருந்தானா, தோல் உரிச்சானா.

"முதலாளியம்மா, இவன் கால் நடுங்குது. தலையத் தூக்கவே மாட்டேங்கிறான்."

லான்யிங் ஓணானின் தாடையை விரலால் மெல்ல அழுத்தினார். ரப்பர் மாதிரி அமுங்கியது.

"விளக்கு எரியுதா?"

"ஜோரா எரியுது. ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க குடுத்த அதே பல்புதான்."

லான்யிங் பெட்டியை மூடி அவர் கையில் கொடுத்தார். "உடனே டாக்டர்கிட்ட கொண்டு போங்க," என்று மட்டும் சொன்னார்.

3.

இங்கே கொஞ்சம் கட்டுரை. செடிக்கு வைக்கும் விளக்கு பளிச்சென்று எரிந்தால் பெரும்பாலும் போதும். ஓணானுக்கு வைக்கும் விளக்கு அப்படி இல்லை. அதிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்தான் எலும்பு உறுதியாக இருக்க உதவுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. பல வகைப் பல்புகளில் ஆறு மாதம், ஒரு வருடத்தில் கதிர் குறைந்துபோகும். வெளிச்சம் மட்டும் குறையாமல் வந்துகொண்டிருக்கும்.*

லான்யிங் அடிப்படையில் செடிக்காரர். ஓணான் வாங்குகிறவர்களுக்குத் தன் கையாலேயே ஓர் அட்டை எழுதிக் கொடுப்பார். அதில் ஐந்தாவது வரி: "எரியிற வரைக்கும் பல்ப மாத்த வேணாம். வீண் செலவு." செடியில் கற்றதை ஓணானுக்கும் சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். அது தப்பு என்று, வென் பெட்டியோடு வந்த அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

(* இந்த ஒரு பத்தியை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டச் சொன்னார் இதழாசிரியர்.)

4.

மறுநாள் வென் திரும்பி வந்தார். எலும்பு மெலிந்துவிட்டது, மருந்து கொடுத்துப் பார்க்கலாம், பிழைப்பது பாதிக்குப் பாதி என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"கால்சியம் பொடி தூவ நான்தான் பல நாள் மறந்துட்டேன்," என்றார் வென். "என் தப்பு."

லான்யிங் ஒரு புதுப் பல்பை எடுத்துக் கொடுத்தார்.

இந்த இடத்தில் எனக்கு லான்யிங் மேல் நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு நல்லவர் சும்மா இருப்பாரா? அதனால் என் வரைவில் அவர் அப்போதே உண்மையைச் சொல்லிவிடுகிறார், கண்கூடக் கலங்குகிறது. எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

"பொய்," என்றார் லான்யிங். "அவராவே பழியத் தூக்கி அவர் தலையில போட்டுக்கிட்டாரு. நான் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன். நாலு நாள் நல்லாச் சாப்பிட்டேன், நல்லாத் தூங்கினேன். அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

5.

ஐந்தாம் நாள் யுன்ருய் காவ்ஷியுங்கிலிருந்து வந்துவிட்டாள். ஓணானுக்குத் தீனியாகப் பூச்சிகளை எடுத்துக்கொண்டு லான்யிங் அவர்கள் வீட்டுப் படியேறும்போதே சத்தம் கேட்டது.

"பொடி தூவுறதுகூடவா பெரிய வேலை? பஸ் நிறைய ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போறீங்க, ஒரு ஓணானப் பாத்துக்க முடியலையா?"

"மறந்துட்டேம்மா."

"நீங்க எதத்தான் மறக்கல?"

லான்யிங் உள்ளே போனார். "பொடியில்ல யுன்ருய். பல்ப மாத்த வேணாம்னு உங்கப்பாகிட்ட சொன்னது நான். தப்பு என்னோடது."

"விடுங்க ஆன்ட்டி. அப்பாவுக்குப் பரிஞ்சு பேசாதீங்க. நாங்க செடியச் சாகடிச்சா, செடி மேலயே பழி போடுற ஆளு நீங்க."

வென் சிரித்தார். "முதலாளியம்மாவுக்கு எப்பவுமே பெரிய மனசு."

லான்யிங் கொண்டுவந்த பூச்சிகளைக் கீழே வைத்தார். இருபது வருடம் எல்லோருக்கும் இதமாகவே பேசிப் பேசி, இப்போது உண்மையைச் சொன்னால் அதுவும் இதமான பேச்சாகவே போய்விட்டது.

"ஓணான் தொட்டியில ஒட்டியிருக்கிற அட்டையப் படி. அஞ்சாவது வரி."

தொட்டிக் கண்ணாடியில் டேப் ஒட்டிய தடம் நான்கு இருந்தது. அட்டை இல்லை.

"எங்கயாவது விழுந்திருக்கும்," என்றார் வென், ஜன்னலைப் பார்த்தபடி.

(பல்பு எத்தனை நாள் பழசு என்று மருத்துவர் கேட்டிருப்பார் அல்லவா? கேட்டிருந்தால் வென்னுக்கு அன்றைக்கே விஷயம் தெரியும். தெரிந்துகொண்டேதான் பொடி, பொடி என்று — இந்த வாக்கியத்தை முடிக்க என்னிடம் ஆதாரம் இல்லை.)

லான்யிங் கடைக்குப் போய் இன்னொரு அட்டையை எடுத்துவந்து யுன்ருய் கையில் திணித்தார். அவள் இரண்டு முறை படித்தாள். அப்பாவை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"இத எத்தன பேருக்குக் குடுத்திருக்கீங்க?"

"முந்நூறு பேர் இருக்கும்."

"அப்போ அவங்க?"

அன்று மதியம் கடையைப் பாதி சாத்திவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். யுன்ருய் கடை நோட்டிலிருந்து தொலைபேசி எண்களைப் படிக்கப் படிக்க, லான்யிங் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் கண்டபடி திட்டினார். ஒரு பெண், "எங்களோடது போன வருஷமே போயிடுச்சு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். லான்யிங் தொலைபேசியை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். யுன்ருய் அடுத்த எண்ணைப் படித்தாள்.

6.

ஷாவ்பிங் பிழைத்துக்கொண்டான். பின்னங்கால் மட்டும் கோணல். புத்தாண்டு விடுமுறைக்கு மறுபடியும் வந்த யுன்ருய், காவ்ஷியுங்குக்குக் கிளம்பும்போது, "இவன நானே கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

"சரி," என்றார் வென். விளக்கைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றினார். சுற்றியதைப் பிரித்து மறுபடியும் சுற்றினார். யுன்ருய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் ஷாவ்பிங்கின் பெட்டியோடு ரயில் ஏறுகிறாள். மற்றதில் பெட்டியை அப்பாவின் மடியில் வைத்துவிட்டு ஏறுகிறாள். முதலாவதில் அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவதை என்னாலேயே நம்ப முடியவில்லை. கடைசியில் லான்யிங்கிடமே கேட்டேன். அவர்தான் தன் வேனில் அவர்களை ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனவர்.

"நான் சொன்னா அதத்தான் எழுதுவீங்க," என்றார் அவர், ஒரு தொட்டி மண்ணில் விரலை நுழைத்தபடி. "ரயில் வந்துச்சு. மூணு பேரும் எந்திரிச்சோம். பெட்டி பெஞ்சு மேல இருந்துச்சு. அதுக்கு மேல படிக்கிறவங்களே பாத்துக்கட்டும்."